நலம் கடைசி வரியில்

கார்பன் தாளும் கருவாடும் சேர்ந்த ஒரு வாசனை உண்டு. திரேஸ்புரத்தில் எங்கள் தெருமுனை டைப் கடைக்குள் நுழைந்தவர்களுக்கு மட்டும்தான் அது தெரியும். பக்கத்துக் கடையில் கருவாடு விற்றார்கள் என்பதால், அங்கிருந்து பம்பாய்க்கும் மெட்ராசுக்கும் போன அத்தனை மனுக்களும் அந்த வாசனையைச் சுமந்துகொண்டுதான் போயிருக்கும். கப்பல் கம்பெனிக்கு எழுதுவதென்றாலும் பாஸ்போர்ட் ஆபீசுக்கு எழுதுவதென்றாலும் எங்கள் தெருவே "டைப் அண்ணாச்சி"யிடம் போய் நிற்கும். அவர் தங்கமான மனிதர். ஆனால் அவருடைய இங்கிலீஷ் எங்கள் அப்பாவைக் கொல்லப் பார்த்தது. இப்படிச் சொன்னால் எங்கள் தெருவில் இன்றைக்கும் சிலருக்குக் கோபம் வருகிறது; வரட்டும்.

அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த வருடம் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் கடற்கரையில் கடிதம் என்றால் அதற்கு ஒரு முறை இருந்தது: மாதாவின் கிருபையால் நான் நலம், அங்கு எல்லோரும் நலமா என்று தொடங்கி, பிள்ளைகளைப் பேர் பேராக விசாரித்து, கோயில் கொடியேற்றம் எப்படி நடந்தது என்று கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். அப்பாவும் முறை தவறாமல் நலம் என்று தொடங்கியிருந்தார். விஷயம் பின்பக்கத்தின் அடியில் இருந்தது. இழுவைக் கயிறு அறுந்து காலில் அடித்துவிட்டது, புண் ஆறவில்லை, இப்போது நிற்க முடியவில்லை, ஊருக்கு அனுப்பச் சொன்னால் கப்பலில் கேட்கமாட்டேன் என்கிறார்கள், நீங்கள் பம்பாய் ஆபீசுக்கு எழுதுங்கள் என்று இடுக்கி இடுக்கி எழுதியிருந்தார்.

அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு டைப் கடைக்கு ஓடினாள். அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "பெரிய எடத்துக்கு எழுதுதோம், மொட்டையா எழுதப்பிடாது" என்று சொல்லி இரண்டு பக்கம் தட்டினார். ரெஸ்பெக்டட் சார் என்று தொடங்கி, தங்கள் மேலான சமூகத்துக்குத் தாழ்மையோடு பிச்சை கேட்பதாக ஒரு வரி. எங்கள் குடும்பம் இறைவன் அருளால் பூரண நலம், தங்கள் நலமும் அவ்வாறே இருக்கப் பிரார்த்திக்கிறோம் என்று ஒரு பத்தி. கம்பெனியின் பெருமை பற்றி இன்னொரு பத்தி. அப்பாவின் கால் இரண்டாம் பக்கத்தில்தான் வந்தது, அதுவும் "கீழ் அவயவத்தில் சற்றே அசௌகரியம்" என்ற அளவில். கடைசியில் "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" என்று முடித்திருந்தார். ஆவன செய்யவும் என்பதுதான் அது. ஆவது எது, அதைச் செய்ய வேண்டியவர் யார் என்று எங்குமே இல்லை. கப்பலிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்புங்கள் என்ற ஒரு வரியை இரண்டு பக்கத்திலும் தேடினாலும் காணாது. அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. சட் சட்டென்று விழுந்த எழுத்துகளைப் பார்த்து அம்மாவும் நானும் அசந்து நின்றோம்.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் குடும்பத்தார் பூரண நலமென அறிந்து மகிழ்ச்சி, கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது என்று மூன்றே வரி. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "காலைப் பத்தி ஒண்ணும் சொல்லலியேளா?" என்று மகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன்.

என் இங்கிலீஷ் அரைகுறை. பெரிய வார்த்தை ஒன்றும் தெரியாது. அதனால் தெரிந்த வார்த்தைகளில் எழுதினேன்: என் அப்பா நலமாக இல்லை. அவர் உங்கள் கப்பலில் வேலை செய்கிறார். காலில் அடிபட்டுப் புண் ஆறவில்லை, அவரால் நிற்க முடியவில்லை. அடுத்த துறைமுகத்தில் இறக்கி ஆஸ்பத்திரியில் காட்டி, வீட்டுக்கு அனுப்புங்கள். எந்த நாளில் அனுப்புவீர்கள் என்று எழுதுங்கள். மேலே அப்பாவின் பெயரும் கப்பலின் பெயரும். அவ்வளவுதான்.

தமிழில் படித்துக் காட்டியபோது அம்மாவின் முகம் மாறிவிட்டது. "மொத வரியிலயே நல்லா இல்லன்னு எழுதுவாவளா? ஒனக்கு வாயில நல்ல வார்த்தையே வராதாளா?" என்றாள். "நல்லாருக்கோம்னு எழுதித்தானம்மா அப்பாவ அங்கனயே போட்டு வச்சிருக்காவ" என்றேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பெயருக்குக் கீழே தானும் கையெழுத்துப் போட்டாள். தபால்பெட்டிக்குப் போகிற வழியில் அண்ணாச்சி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "மரியாதையே இல்லையேளா இதுல, குப்பையில போட்டுருவான்" என்றார். போட்டால் போடட்டும், இன்னொன்று எழுதுவேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

குப்பையில் போடவில்லை. பத்து நாளில் தந்தி வந்தது, அதில் ஒரு தேதி இருந்தது. அப்பா கட்டுப்போட்ட காலோடு ரயிலை விட்டு இறங்கினார். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் காலை எடுத்திருப்போம் என்று டாக்டர் சொன்னார். இன்றும் சற்றுச் சாய்ந்துதான் நடக்கிறார், ஆனால் இரண்டு காலிலும் நடக்கிறார்.

டைப் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். கார்பன் தாளைக் காட்டினால் என் மகளுக்கு அடையாளம் தெரியாது. "நீட்ஃபுல்" மட்டும் சாகவில்லை. மெயிலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சரக்குக் கிடங்கு ஒன்றில் எச்சரிக்கைப் பலகைகள் எழுதுவது என் வேலை. போன மாதம், "சங்கிலி பழுது. கீழே நிற்காதீர்கள்" என்று நான் எழுதியதை மேலதிகாரி திருப்பி அனுப்பினார், பணிவான வேண்டுகோள் என்று தொடங்க வேண்டுமாம். "கீழ நிக்கவன் வாசிச்சு முடிக்கதுக்குள்ள சங்கிலி விழுந்துரும் சார்" என்றேன். முறைத்தார். முறைக்கட்டும், பலகை நான் எழுதியபடிதான் தொங்குகிறது.

அன்று மாலை அப்பாவிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. எண்பதை நெருங்குகிறவர், ஒற்றை விரலால் தட்டியிருந்தார்: "பழைய காலில் வீக்கம். நாளை காலை பத்து மணிக்கு டாக்டரிடம் போக வேண்டும். நீ வா. மற்றபடி நலம்."