ஊமை என்ற சொல்லின் வேர்

டென்மார்க்கின் ஒடென்சேயில் மழை பெய்தாலும் பாலர் பள்ளிப் பிள்ளைகளை வெளியேதான் விளையாட விடுவார்கள். மழை உடுப்புக்குள் என் மூன்று வயது மகள் ஆதிரையும் மணலில் நிற்பாள், வாய் திறக்காமல். சேர்ந்து நான்கு மாதமாகியும் அங்கே அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. "வீட்டில் பேசுகிறாளா?" என்று ஆசிரியை சாதாரணமாகத்தான் கேட்டார். நான் அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டு, அன்றே வீட்டில் தமிழை நிறுத்தினேன். சோறு ஊட்டுவது முதல் நித்திரையாக்குவது வரை எல்லாம் என் அரைகுறை டெனிஷில் நடந்தன. இதை வாசிக்கும் தாய்மாரில் சிலரும் இதே பிழையை விட்டிருப்பீர்கள்.

தமிழை நிறுத்திய மூன்றாம் கிழமை கணவர் சொன்னார்: "நீர் நல்லதுக்குத்தான் செய்யிறீர். ஆனா இப்ப பிள்ளை எங்களோடையும் கதைக்கேல்லை."

யாழ்ப்பாணத்தில், ஓயாமல் கதைத்ததற்காக வகுப்பு வாசலில் நிறுத்தப்பட்டவள் நான். இங்கே மொழிப் பள்ளியில் ஒரு வருடம் தலையை மட்டும் ஆட்டினேன், பிழை விட்டுவிடுவேனோ என்ற பயத்தில். அந்தப் பயத்தையா பிள்ளைக்கும் கொடுத்துவிட்டேன்?

முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை செய்யும் போலந்துக்காரி அக்னியெஸ்காவிடம் இதைச் சொன்னேன். எங்கள் இருவருக்கும் சொந்தமில்லாத டெனிஷில்தான் பேசிக்கொள்வோம். ஊரில் போலிஷ், ரஷ்யன் முதலான ஸ்லாவிய மொழிகள் படித்தவர் அவர். உருளைக்கிழங்கு உரித்த கையைத் துடைத்துவிட்டு, ஒரு தாளின் பின்பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டு, அதன் அருகே 'நேமு' என்று எழுதினார். ஆதி ஸ்லாவிய மொழியில் 'ஊமையான' என்று பொருளாம். எழுத்தில் கிடைக்காமல், பிந்திய மொழிகளை ஒப்பிட்டு மீட்ட சொல் என்பதற்குத்தான் அந்த நட்சத்திரம்.

"ஜெர்மன்காரருக்கு நாங்கள் வைத்த பெயரும் இதிலிருந்துதான் வந்தது," என்றார்.

"அவர்கள் ஊமைகளா?"

"வாய் ஓயாதவர்கள். எங்களுக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான்."

சொல்லின் வேர் உறுதியில்லையாம். உறவு மொழி பேசும் லத்வியர் ஊமையை 'மேம்ஸ்' என்கிறார்கள். ஆகவே 'மே மே' என்ற குழறலிலிருந்து பிறந்து, பிறகு முதல் ஒலி மாறியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. அப்படியென்றால், ஊமை என்று பெயர் வைத்தவர்களுக்கும் ஏதோ ஒரு சத்தம் கேட்டிருக்கிறது.

அன்று மாலை தட்டில் சோற்றைப் போட்டு, போதுமா என்று பழையபடி தமிழிலேயே கேட்டேன்: "சோறு காணுமே?" ஆதிரை என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"காணாது," என்றாள்.

அதன் பிறகு இரண்டு மாதம் பொறுத்தேன், தினமும் என்னையே சந்தேகப்பட்டபடி. போன கிழமை காலை, பாலர் பள்ளிப் படலைக்குள் ஓடியவள் ஒரு சிறுமியிடம் டெனிஷில் தன் வாளியைத் திருப்பிக் கேட்டாள். அவள் திரும்பி, வீட்டுக்காரியைப்போல என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க போட்டு வாங்கோ."

டெனிஷும் தமிழுமான அவளுடைய இரண்டு நாடுகளில் எதிலிருந்து என்னை வழியனுப்புகிறாள் என்று தெரியாமல், படலைக்கு வெளியே நின்று, "ஓம், போட்டு வாறன்," என்றேன்.