இட்ரிஸ் வாட்கின்ஸின் ஃபெசன்ட் வேட்டை

எங்கள் மலைப்பக்கத்தில் பால் லாரி ஓட்டிய இட்ரிஸ் வாட்கின்ஸைப் பற்றிப் பேச்செடுத்தால், அவனுடைய முதல் வேட்டை கந்தலான கதையைத்தான் எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நானும் சிரித்தவன்தான். ஆனால் பாதிக் கதையோடு நிறுத்திவிடுகிறார்களே என்றுதான் எனக்கு எரிச்சல் வரும்.

சிறுவயதிலிருந்தே இட்ரிஸின் குளிர்காலச் சனிக்கிழமைகள் பெரிய பண்ணைவீட்டு வேட்டைக்கே போயின. அவன் கையில் துப்பாக்கி இருக்காது, தடிதான். முள்ளுக்குள் புகுந்து, மரத்தைத் தட்டி, ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழிகளைக் கிளப்பிவிட வேண்டும். அந்தப் பக்கம் ஆளுக்கொன்றாக வரிசையாக அடித்த முளைக்குச்சிகளுக்கு அருகில் துரைமார் நின்று சுடுவார்கள். சாயங்காலம் இவனுக்கு ஒரு ஜோடிப் பறவையும் ஒரு பாட்டில் பீரும் கிடைக்கும். முப்பது வருஷம் இப்படியே தடியோடு நடந்தான். ஒரு தடவையாவது ஒரு முளையருகே தானும் நிற்க வேண்டும் என்பது அவன் ஆசை. வெளியே சொல்ல வெட்கம். நான் தபால்காரன், தினமும் வழியில் பார்ப்பவன் என்பதால் என்னிடம் மட்டும் சொன்னான்.

ஒருநாள் பால் எடுக்கப் போன இடத்தில் துணிந்து கேட்டுவிட்டான். மேல்பண்ணைக்காரி மிஸஸ் ப்ராசர் கணவனை இழந்தவர். வாயைத் திறந்தால் வெட்டுத்தான்.

“அந்த மேட்டுக் காட்டையும் கீழ இருக்கிற மூலை வயலையும் குடுத்தீங்கன்னா, நாங்க ஆறு பேரு சேந்து சின்னதா ஒரு வேட்டை வச்சுக்குவோம், மிஸஸ் ப்ராசர்.”

“யாரு, நீயா? உன் வீட்டுக் கேட்டே ஒரு வருஷமா கயித்துல தொங்குது.”

“அது கேட்டு. இது ஃபெசன்ட்.”

“என் ஆட்டு மேல ஒரு ரவை பட்டுச்சு, அப்புறம் உன்ன நான் சுடுவேன்.”

அதுதான் அனுமதி.

அந்தக் கோடையை நினைத்தால் இன்றும் நெஞ்சு இனிக்கிறது. மூடிப்போன கோழிப் பண்ணை ஒன்றிலிருந்து கம்பிவலை கொண்டுவந்து, வாங்கி வளர்க்கப்போகும் ஃபெசன்ட் குஞ்சுகளுக்காகக் காட்டுக்குள் பெரிய அடைப்பு கட்டினோம். நரி தோண்டி நுழையாதபடி வலையின் அடியை வெளிப்பக்கம் மடக்கிப் புதைத்தோம். சுற்றிலும் மின்கம்பி. மாட்டு வேலிக்குப் போடும் பேட்டரி வேலை செய்கிறதா என்று கசாப்புக்கடை ட்ரெவர் புல்லால் தொட்டுப் பார்த்து எகிறிக் குதித்தான். பறவைகள் கொத்தித் தின்ன, நீலப் பீப்பாய்களின் அடியில் கீறல் போட்டுக் கோதுமை நிரப்பித் தொங்கவிட்டோம். மூலை வயலில் மக்காச்சோளம் விதைத்தோம். அதில் பாதியை, நாயளவே இருக்கும் வளைக்கரடி தின்றது. ஜூலையில் குஞ்சுகள் கூடை கூடையாக வந்து இறங்கின.

லாரியை எடுப்பதற்கு முன் தினமும் விடியலில் இட்ரிஸ் வாளியோடு அங்கே நிற்பான். இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு சீட்டி. குஞ்சுகள் விழுந்தடித்து ஓடிவரும். அடைப்பைத் திறந்துவிட்ட பிறகும், இலையுதிர்காலம் முழுக்க, அதே சீட்டி, அதே வாளி.

“பால்காரா, பேரு வச்சுட்டியா எல்லாத்துக்கும்?” என்பான் ட்ரெவர்.

“உன் பேரு வைக்கலாம்னு பாத்தேன். அதுங்க கோவிச்சுக்குதுங்க.”

நவம்பரில் முதல் வேட்டை. கூலிக்கு ஆள் வைக்க எங்களால் ஆகாது. அதனால் எங்களைப் போன்ற சின்ன வேட்டைக்காரர்களின் வழக்கப்படி மூன்று பேர் தடியோடு நடப்பது, மூன்று பேர் துப்பாக்கியோடு நிற்பது, பிறகு மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. சீட்டு எடுத்ததில் இட்ரிஸுக்கு முதலிலேயே நிற்கும் முறை. அப்பாவின் பழைய கோட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, டை கட்டி வந்திருந்தான். மிஸஸ் ப்ராசர் வேலிக் கேட்டில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சோளத்துக்குள் நடக்க ஆரம்பிப்பதற்கு அடையாளம் கொடுக்க வேண்டும். பெரிய பண்ணைவீட்டில் ஊதுகொம்பு இருக்கும். எங்களிடம் இல்லை.

“என் வேன் ஹாரனை அடிக்கட்டுமா?” என்று அந்தக் கோடியிலிருந்து கத்தினான் ட்ரெவர்.

“வேண்டாம்ப்பா! கறிக்கடை வந்துருச்சுன்னு நெனச்சுக்குவாங்க. நம்ம வேட்டை மரியாதையா நடக்கணும்.”

மரியாதையாக இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டி அடித்தான்.

ஒரு பறவைகூடப் பறக்கவில்லை. சோளத்திலிருந்தும், வேலியோரத்திலிருந்தும், காட்டிலிருந்தும் ஃபெசன்ட்கள் கூட்டம் கூட்டமாக ஓடிவந்து இட்ரிஸின் காலைச் சுற்றி நின்று கோதுமைக்கு அண்ணாந்து பார்த்தன. ஒன்று அவன் பூட்ஸ் கயிற்றைக் கொத்தியது. தரையில் நிற்கும் பறவையைச் சுட்டவன் அதன்பின் எங்கள் ஊர் பப்பில் தலைநிமிர்ந்து உட்கார முடியாது. துப்பாக்கிகளை மடக்கித் தோட்டாவை எடுத்துவிட்டு நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

ஊரார் சொல்லும் கதை இதோடு முடிந்துவிடுகிறது.

இட்ரிஸ் சிரிக்கவில்லை. காது மடல்வரை சிவந்துவிட்டான். மதியம் ட்ரெவர் கொண்டுவந்த, பன்றிக்கறி அடைத்துச் சுட்ட ரொட்டியைத் தொடவே இல்லை. கடைசியாக மேட்டுக் காடு. இட்ரிஸும் நானும் இருந்த எங்கள் மூவருக்கும் மறுபடி நிற்கும் முறை. அவன் துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டுத் தடியை எடுத்தான்.

“நீங்க நில்லுங்க. நான் நடக்கிறேன். எனக்கு இதுதான் வரும்.”

“அட, விளையாட்டுக்குச் சிரிச்சோம்யா,” என்றேன். அவன் காதில் வாங்கவில்லை.

மிஸஸ் ப்ராசர் கேட்டைத் திறந்துகொண்டு இறங்கி வந்தார். அவன் கையிலிருந்த தடியைப் பிடுங்கினார்.

“வேண்டாம் மிஸஸ் ப்ராசர், உள்ள முழுக்க முள்ளு.”

“என் காட்டு முள்ளு எனக்குத் தெரியாதா? போய் உன் முளைகிட்ட நில்லு. அடுத்த வருஷமும் காடு வேணும்னா நில்லு.”

இட்ரிஸ் துப்பாக்கியை மறுபடி எடுத்துக்கொண்டு போய் முளையருகே நின்றான். கிழவி உள்ளே போய் மரத்தை அடித்த அடியும் கத்திய கத்தலும் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டன. “ஏய், எழுந்திரிங்கடா சோம்பேறிங்களா! ஓசித் தீனி தின்னது போதும்!” என்ற குரலுக்கு ஃபெசன்ட்கள் பதறிக் கிளம்பின. மர உச்சிக்கு மேலே, நல்ல உயரத்தில், ஒரு சேவல் நேராக இட்ரிஸின் தலைக்கு மேல் வந்தது. அவன் துப்பாக்கியை உயர்த்தினான். ஒரே வெடி. பறவை அவனுக்குப் பின்னால் புல்லில் விழுந்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கன்னத்தில் கீறலும் கம்பளியில் முள்ளுமாக மிஸஸ் ப்ராசர் வெளியே வந்தார்.

“எத்தனை?”

“ஒண்ணு.”

“ஒண்ணே ஒண்ணா? இவ்வளவு தொண்டை கிழியக் கத்தினேன்!”

அவன் அந்தச் சேவலை அவரிடமே நீட்டினான். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று நான்தான் அவனை வேனில் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். கயிற்றில் தொங்கும் அந்தக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியும் இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

“என்னப்பா, சந்தோஷம்தானே? சுட்டுட்டே இல்ல?”

“சுட்டது கெடக்குது. முப்பது வருஷமா யார் யாருக்கோ நடந்திருக்கேன். எனக்காக ஒரு ஆளு முள்ளுக்குள்ள நடந்தது இன்னிக்குத்தான்.”