ஒரேயொரு ஆண் பூச்சி

ஒரு தத்துப்பூச்சி புதிய இனமா, ஏற்கனவே பெயர் வைத்த இனமா என்பதை அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நிறம் ஏமாற்றும். இறக்கையும் ஏமாற்றும். ஆண் பூச்சியாகப் பார்த்துப் பிடித்து, அதன் அடிவயிற்றைத் தனியே எடுத்து, காரக் கரைசலில் ஊறப்போட்டு, சதையெல்லாம் கரைந்து தெளிந்த பிறகு உள்ளே இருக்கும் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். அந்த வடிவம்தான் இனத்துக்கு இனம் வேறுபடும். பெண் பூச்சிகள் டப்பா நிறைய இருந்தாலும் பிரயோசனமில்லை. என் மாமியார் ஊரில் என்னைக் காலேஜ் டீச்சர் என்று மட்டும்தான் சொல்லிவைத்திருக்கிறார். அதற்கு மேல் யாராவது விசாரித்தால் அவருக்குக் கூச்சமாகிவிடுகிறது.

இந்த வேலையை எனக்குப் பழக்கியவர் எங்கள் துறையில் எனக்கு மூத்தவர். காரைக்குடிக் கல்லூரிக்குத் தினமும் தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். மற்றவர்கள் மேடம் என்பார்கள், எனக்கு அக்கா. வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை சுலபத்தில் வராது. நான் வரைந்த படத்தைப் பார்த்து, "நீ பாத்ததை வரையச் சொன்னா, நெனச்சத வரஞ்சு வச்சிருக்க" என்று திருப்பித் தருவார். எனக்கும் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். இரண்டு பேரும் ஒரே மைக்ராஸ்கோப்புக்கு முன்னால் உட்கார்ந்து சண்டை போட்டே நெருங்கிப்போனோம்.

ஒக்கூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்குள் முளைத்த புல்லில் அக்கா அந்தப் பூச்சியைப் பிடித்தார். நெல்லைக் கருக்கும் புகையான் இருக்கிறதே, அதன் பங்காளி. பின்னங்காலில் அதே போல அசையும் முள் இருந்தது. ஆனால் தலையில் வெள்ளைக் கோடும், இறக்கையின் குறுக்கே கறுப்புப் பட்டையும் இருந்தன. கையிலிருந்த எந்த விவரிப்போடும் அது பொருந்தவில்லை. கிடைத்ததெல்லாம் பெண் பூச்சிகள். ஆணைத் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்குச் சினைப்பையில் புற்று என்று மதுரையில் சொன்னார்கள். கண்டுபிடிக்கும்போதே முற்றிப்போயிருந்தது.

மருந்து ஏற்ற ஏற்ற அவருடைய விரல் நுனிகள் மரத்துப்போயின. ஊசியைப் பிடித்தால் பிடித்திருப்பதே தெரியவில்லை என்றார். நான் பார்த்த அத்தனை கைகளிலும் நிதானமான கை அது. ஒரு நாள் அவர் காபி டம்ளரை நழுவ விட்டதைப் பார்த்துவிட்டு, அவர் வீட்டுக் கொல்லைப்புறம் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

அந்தப் பூச்சிக்கு அக்காவின் பெயரை வைக்க வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். விவரித்து எழுதுகிறவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது எங்கள் வழக்கத்தில் இல்லை. அதனால் கட்டுரையை நான் மட்டும் எழுதுகிறேன், நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொன்னேன்.

"செத்த பெறகு என்னையப் பூச்சியாப் பறக்கவிடப் போறியா?"

"இது பறக்காதுக்கா. தத்தும், அவ்வளவுதான்."

சிரித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. எத்தனை வாரம் மிச்சம் என்பதை டாக்டர்கள் சுற்றி வளைத்துத்தான் சொல்லியிருந்தார்கள். அவர் கண்ணை மூடுவதற்குள் அந்தப் பெயரை அச்சில் காட்டிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்தப் புரட்டாசியில் வேறு நினைப்பே இல்லை.

விடிந்ததும் வலையை எடுத்துக்கொண்டு கண்மாய்க்குப் போவேன். வயலுக்குப் போகிற ஒருவர் தினமும் நின்று வேடிக்கை பார்ப்பார்.

"என்னத்த டீச்சர் தேடுறீக? புகையானா? வயலுக்கு வந்துருமா?"

"வராதுங்க. இது புல்லைத்தான் தின்னும்."

"அப்பறம் எதுக்கு இங்குட்டுக் கெடந்து அலையிறீக?" என்று தலையை ஆட்டிக்கொண்டே போவார்.

கடைசியில் ஒரு காலையில் ஆண் பூச்சி கிடைத்தது. ஒன்றே ஒன்று. அன்று சாயங்காலமே அதன் அடிவயிற்றைப் பிரித்தேன். கரைசலைச் சூடாக்கினால் சீக்கிரம் தெளியும், ஆனால் கொஞ்சம் அசந்தாலும் உறுப்பு சிதைந்துவிடும். இருப்பது ஒன்று என்பதால், ஆறின கரைசலில் மெதுவாக ஊறட்டும் என்று குழிவான கண்ணாடித் தட்டில் வைத்து மூடி, தொடாதீர்கள் என்று சீட்டும் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஆயுத பூசை. வழக்கமாக மதியத்துக்கு மேல்தான் லேப்பைக் கழுவுவார்கள். எங்கள் லேப் உதவியாளரம்மா தன் வீட்டுப் பூசைக்குப் போக வேண்டும் என்று விடியும்போதே வந்து வேலையை முடித்திருந்தார். நான் போனபோது மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தது. பூச்சி வலைக்குப் பூச் சுற்றியிருந்தது. கண்ணாடிச் சாமான்களெல்லாம் வரிசையாகக் கவிழ்ந்து பளபளத்தன. என் சீட்டுகூட மடங்காமல் மேசை ஓரத்தில் பத்திரமாக இருந்தது.

"எல்லாத்தையும் வெளக்கி வச்சிட்டேன் மேடம். சாமி முன்னாடி அழுக்கா எதையும் வைக்கக் கூடாதுல்ல" என்றார்.

நான் கத்திய கத்தல் பக்கத்துக் கட்டடம் வரைக்கும் கேட்டிருக்கும். அந்த அம்மா நடுங்கிப்போய், "உள்ள ஒண்ணுமே இல்லையே மேடம், வெறும் தண்ணிதான இருந்துச்சு" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. கடுகில் பாதிகூட இல்லாதது, ஊறித் தெளிந்த பிறகு தண்ணீரோடு தண்ணீராகத்தான் தெரியும். இரண்டு பேருமாகத் தொட்டிக் குழாயைக் கழற்றி, வந்த சகதியைத் துணியில் வடிகட்டிப் பார்த்தோம். மணலும் தலைமுடியும்தான் இருந்தன. அவர் அழுதுகொண்டே வடிகட்டினார். எனக்கு அப்போதும் இரக்கம் வரவில்லை.

திரும்பவும் கண்மாய்க்கு ஓடலாம் என்றால், அன்று பிடித்த மழை வெளுத்து வாங்கியது. வானம் பார்த்த பூமி எங்களுடையது. பல வருஷத்துக்குப் பிறகு கண்மாய் நிறைகிறது என்று ஊரே கரையில் நின்று பார்த்தது. தினமும் கேள்வி கேட்பவர் என்னைக் கண்டதும், "பாத்தீகளா டீச்சர், தண்ணியை" என்று பூரித்தார். புல் முழுக்க முங்கிக் கிடந்தது. சிவகங்கைச் சீமையில் மழையை வாய்விட்டுத் திட்டிய ஒரே ஆள் அன்று நானாகத்தான் இருப்பேன்.

அக்காவிடம் மறைக்க முடியவில்லை. அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கட்டிலில் சாய்ந்தபடி கேட்டார். உதவியாளரம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஊறப்போடுறதுக்கு முன்னாடி வெளிப்பக்கத்தை வரஞ்சுட்டேன்க்கா" என்றேன். "பெண் பூச்சியெல்லாம் இருக்கு. உடம்பு அளவு, நிறம், தலைக்கோடு எல்லாம் இருக்கு. இதை வச்சே எழுதி அனுப்பிடலாம். போடுற பத்திரிகையும் இருக்கு."

"உள்ளுக்குள்ள இருக்குறதப் பாத்தியா?"

"பாக்கலை."

"அப்ப எழுதாத."

"அக்கா, அடுத்து புல்லு முளைக்கிறதுக்குள்ள..." என்று ஆரம்பித்தவள் முடிக்க முடியாமல் நிறுத்தினேன்.

"நான் இருக்க மாட்டேன். சொல்லு, சொன்னா என்ன? எனக்கு ஆசை இல்லைன்னு நெனைக்காத. ரொம்ப ஆசையாத்தான் இருக்கு. படுத்துக்கெடக்கையில அந்தப் பேரை நானே ரகசியமாச் சொல்லிப் பாத்துக்குவேன், தெரியுமா? அதனாலதான் சொல்றேன், பாக்காததை எழுதாத."

எனக்கு ஆத்திரமாக வந்தது. சாகப்போகிற நேரத்திலும் என்ன பிடிவாதம் என்று கேட்டே விட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் வீட்டுக்காரர் உள்ளே வந்து, தூங்கட்டும் என்றார். அதற்குப் பிறகும் போனேன், காலை அமுக்கிவிட்டேன், கல்லூரிக் கதைகள் பேசினேன். பூச்சியைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. மார்கழியில் ஒரு காலை போய்ச் சேர்ந்துவிட்டார்.

கண்மாய்த் தண்ணீர் கோடையில் வற்றி, ஆவணியில் மறுபடி புல் முளைத்தது. வஞ்சினம் போல நாள் தவறாமல் போனேன். ஆண் பூச்சிகள் ஒன்றுக்கு மூன்றாகக் கிடைத்தன. கரைசலில் ஊறப்போட்டு, அது தெளிகிற வரைக்கும் இடத்தை விட்டு நகராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

உறுப்பின் நுனி வளைந்து, அடியில் இரண்டு பல்லோடு தெரிந்தது. அந்த வடிவத்தை நான் எங்கோ பார்த்திருந்தேன். பழைய விவரிப்புகளைப் புரட்டியபோது, வேறு மாநிலத்து மலைப்பகுதியில் எப்போதோ பிடித்துப் பெயர் வைத்த ஓர் இனத்தின் படம் கிடைத்தது. வளைவும் பல்லும் அச்சு அசல். மற்ற இரண்டையும் பிரித்துப் பார்த்தேன். அதேதான். எங்கள் ஊர் வெயிலுக்குப் பட்டையும் கோடும் வேறாக விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். புதிய இனம் இல்லை.

நான் சொன்னபடி அன்றைக்கு எழுதியிருந்தால் அக்கா அந்தப் பெயரை அச்சில் பார்த்துவிட்டுக் கண்ணை மூடியிருப்பார். பிறகு யாராவது ஒருவர் ஆண் பூச்சியைத் திறந்து பார்த்து, பழைய பெயரே நிற்கும், இது செல்லாது என்று ஒரு வரியில் அடித்துப்போட்டிருப்பார். செல்லாத பெயராகவே அது பட்டியல்களில் கிடந்திருக்கும். தப்பித்தது என்று நிம்மதியாக இருந்தது. அவர் கடைசி மாதங்களில் ரகசியமாகச் சொல்லிப் பார்த்ததெல்லாம் இல்லாத ஒன்றின் பெயரை என்பது பொறுக்கவும் முடியவில்லை. அவர் செத்த அன்று வராத அழுகை அப்போது வந்தது.

அவர் பிடித்த பெண் பூச்சிகளுக்கும் சேர்த்து, பூச்சியோடு கூடவே வைக்கும் அடையாளச் சீட்டைப் புதிதாக எழுத உட்கார்ந்தேன். இனத்தின் பெயர், இடம், பிடித்தவர் என்று எழுதிக்கொண்டே வந்தேன். இனங்கண்டவர் என்ற இடத்தில் அவர் பெயரைப் போடக் கை போனது. யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் உள்ளே இருந்ததை அவர் பார்க்கவில்லை. என் பெயரையே எழுதினேன்.