நீலக்கா வெட்டிய ஏரி

வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்த இருபத்தாறு வருடமும் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வண்ணப் பிரிவில் ஒரு நீள மேசை, அதன் இரு பக்கமும் பெண்கள், ஆளுக்கு ஒரு நிறம். ஒரு நிறத்தை ஒரே கை பூசினால்தான் தாளுக்குத் தாள் சாயம் மாறாது என்பது அங்கே சட்டம். காட்டுக்குப் பச்சைக்கா, சாலைக்குச் சிவப்பக்கா. மலைக்காரியை மட்டும் வெறும் பழுப்பு என்றே கூப்பிட்டுவிட்டார்கள். அந்த மனக்குறை அவளுக்கு ஓய்வு பெறும்வரை தீரவில்லை. தண்ணீர் எல்லாம் இவள் பங்கு. அதனால் நீலக்கா.

இப்போது நீலக்காவுக்கு எழுபத்து மூன்று வயது. நகர நூலகத்தின் மாடியில் பழைய வரைபடக் கண்காட்சி என்று மகள் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள்.

"நாடு பிறந்த புதுசுல போட்ட மேப்பெல்லாம் இப்ப பழம்பொருளாம்மா. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்காங்க."

"அப்ப எனக்கும் ஒரு சட்டம் காலியா இருக்கான்னு கேளு."

மகளிடம் மட்டும்தான் இப்படியெல்லாம் வாய் நீளும். வெளியாள் ஒருவர் எதிரே வந்தால் நீலக்கா சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வாள்.

நான்காவது சட்டத்தின் முன்னால் அவள் கால் நின்றுவிட்டது. வடக்கு எல்லைப் பகுதி, முதல் பதிப்பு. தாள் மஞ்சளடித்துப் போயிருந்தாலும் மலைகளுக்கு நடுவே அந்த ஏரி மட்டும் நேற்றுப் பூசியதுபோல இருந்தது. கீழே ஓர் அட்டை. அவள் எழுத்துக்கூட்டுவதுபோல மெதுவாகப் படித்தாள். 'இந்த ஏரி உண்மையில் இல்லை. அளவெடுத்த சர்வேயரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை.'

அந்த சர்வேயர் அவள் கணவர். போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது.

இந்தத் தாள் அவள் மேசைக்கு வந்த அன்றைக்கு அவளுக்குப் பத்தொன்பது வயது. படிப்பை எட்டாவதோடு நிறுத்திவிட்டு, அப்பா இல்லாத வீட்டில் மூன்று தம்பி தங்கைகளுக்குச் சேர்த்துச் சம்பாதித்துக்கொண்டிருந்தாள். நாடு பிறந்து இரண்டு வருடம். தலைநகரத்துப் பெரியவர்களுக்கே தங்கள் நாடு எங்கே முடிகிறது என்று சரியாகத் தெரியாது. சர்வேயர்கள் எல்லைக்குப் போய் அளந்து பென்சிலில் வரைந்து அனுப்புவார்கள். ஓரத்தில் குறிப்பு எழுதியிருப்பார்கள். வண்ணப் பெண்கள் குறிப்பைப் பார்த்து நிறம் பூசுவார்கள். பிறகு அந்தக் குறிப்புகளைப் பழைய ரொட்டித் துண்டால் தேய்த்து அழித்துவிட்டு, தாளை அச்சகத்துக்கு மாதிரியாக அனுப்ப வேண்டும்.

ஒரு நாளைக்கு நாற்பது தாள். யார் உட்கார்ந்து வாக்கியம் வாசிப்பது? பச்சைக்கா பச்சையைத் தேடுவாள், நீலக்கா நீலத்தைத் தேடுவாள். அந்தத் தாளில் மலைகளுக்கு நடுவே புள்ளி புள்ளியாக ஒரு கோடு ஓர் இடத்தை வளைத்திருந்தது. பக்கத்தில் நீலம் என்று இருந்தது. அகலத் தூரிகையை முக்கி ஒரே இழுப்பில் பூசிவிட்டாள். நல்ல சாயம், திட்டுத் திட்டாகாமல் பிடித்துக்கொண்டது என்று கொஞ்சம் பெருமைகூடப் பட்டாள்.

ரொட்டியைக் கையில் எடுத்தபோதுதான் முழுவதையும் படித்தாள். 'இந்தக் கோட்டுக்குள்ளே கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீலப் பூக்கள். மேப்புக்கு வேண்டாம். பார்க்கிறவர்களுக்காக.'

அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் காரணமில்லாமல் ஐந்து நிமிடம் அதிகமாக நிற்கிற ஒரு சர்வேயர் உண்டு. இது அவருடைய கையெழுத்து.

பூசியதைத் தாளிலிருந்து எடுக்க முடியாது. அச்சக வண்டி வாசலில் நிற்கிறது. சொன்னால் தற்காலிக வேலை அன்றோடு சரி. ரொட்டியைத் தேய்த்து எழுத்தை அழித்தாள். தாள் போய்விட்டது.

நாலு மாதம் கழித்து எல்லைக் காவலுக்குப் போன ஒரு படை, மேப்பை நம்பி லாரியில் படகு ஒன்றை ஏற்றிக்கொண்டு போனது. பூக்களுக்கு நடுவே படகை இறக்கி வைத்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் அதில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்களாம். ஊரே சிரித்தது. மேலிடம் மட்டும் சிரிக்கவில்லை.

விசாரணைக்கு சர்வேயரைக் கூப்பிட்டார்கள். அவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ரொட்டி தேய்த்த இடம் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தடுப்புக்கு இந்தப் பக்கம் நீலக்கா தலையைக் குனிந்துகொண்டு, காய்ந்த தூரிகையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

"நான்தான் சார் தப்பா குறிச்சுட்டேன். மழைக்காலம். எங்க பார்த்தாலும் தண்ணி மாதிரி தெரிஞ்சுது" என்றார் அவர்.

தண்டனையாக மறுபடி அதே எல்லைக்கு மூன்று வருடம் அனுப்பினார்கள். அவள் ஒரே ஒரு கடிதம் போட்டாள், நான்தான் என்று சொல்லிவிடட்டுமா என்று. 'எனக்கு இடம்தான் மாறியது. உனக்கு வேலையே போய்விடும். பேசாமல் இரு' என்று பதில் வந்தது. அவளும் பேசாமல் இருந்தாள். அது அவளுக்குச் சுலபமாக வருகிற காரியம்.

மூன்று வருடம் கழித்து, தோல் கறுத்து, கன்னம் ஒட்டி, அவர் தடுப்பருகே வந்து நின்றார்.

"வெள்ளம் வடிஞ்சிருச்சு. கல்யாணம் பண்ணிக்கலாமா?"

பழுப்புதான் முதலில் கைதட்டினாள்.

வீட்டுக்குள்ளே அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். "உங்கம்மா சாதாரண ஆளில்ல. ஒத்தை ஆளா, அரை நிமிஷத்துல ஏரி வெட்டினவ." வாசல்படி தாண்டினால் மூச்சு விடமாட்டார். பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப் போனபோதும் விடவில்லை.

"வாம்மா, அடுத்ததைப் பார்க்கலாம். அப்பாவே இதைப் பெருசா எடுத்துக்கல" என்று, சட்டத்தின் முன்னால் நின்றிருந்தவளின் தோளை மகள் தொட்டாள்.

"அவர் எடுத்துக்கல. ஆனா அட்டையில ஏறிடுச்சே."

கண்காட்சிப் பொறுப்பாளரான அம்மா ஒருவர் மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மகளை வாயைத் திறக்கவிடாமல் நீலக்கா தானே போய் நின்றாள். முதல் வார்த்தை வருவதற்குள் இரண்டு முறை இருமினாள். பொறுப்பாளர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இன்னொரு நேரமாக இருந்தால் அவளுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

"அந்த அட்டை தப்புங்க. சர்வேயர் சரியாத்தான் எழுதினார். ஏரி நான் பூசினது. தெரிஞ்ச பிறகும் மறைச்சேன்."

முழுவதையும் கேட்டுவிட்டு அந்த அம்மா பேனாவை மூடினார். "நான் நம்புறேம்மா. ஆதாரம் ஏதாவது இருக்கா?"

"நானே அழிச்சுட்டேனே."

"எழுதிக் கொடுங்க, குழுவுக்கு அனுப்புறேன். ஆனா அவங்க கூடி முடிவெடுக்க ஒரு மாசம் ஆகும். கண்காட்சி ஞாயிற்றுக்கிழமையோட முடியுது."

அன்று புதன்கிழமை.

நீலக்கா எழுதிக் கொடுத்தாள். பிறகு ஒரு மடக்கு நாற்காலி கேட்டு வாங்கி, நான்காவது சட்டத்தின் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "யாராவது எதிர்ல வந்தாலே என் பின்னாடி ஒளிஞ்சுக்குவியே!"

"நீ போய் வேலையைப் பாரு. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போ."

முதல் ஆள் குடையும் கையுமாக வந்தார். அட்டையைப் படித்துவிட்டு, "சரியான சர்வேயர்" என்று தனக்குள் சிரித்தார். நீலக்கா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் முகத்தைப் பாராமல் ஏரியைப் பார்த்தே ஆரம்பித்தாள்.

"அவர் பூன்னுதாங்க எழுதி அனுப்பினார். தண்ணி விட்டது நான்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஓ, நீங்க இங்க வேலை செய்றவங்களா? பாத்ரூம் எந்தப் பக்கம்மா?"

அவள் இடது பக்கம் கை காட்டினாள். அவர் போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாதிக் கதைகூடச் சொல்லி முடியவில்லை. இந்த வழியாகத்தானே திரும்பி வந்தாக வேண்டும்.