பதினோரு இருமல்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனால் பிரிக்பீல்ட்ஸில் பாட்டுப் பதிந்த டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டுவதில் இந்தக் கிரிகரியை மிஞ்சியவன் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தன் பெயரும் வராது. ஒட்டிய இடம் எந்தக் காதுக்கும் தெரியாது.

பாட்டுப் பதிய 1997இல் கணினி வாங்கினேன். "கூட வர்ற புத்தகத்தப் படிங்க பாஸ்" என்றான் விற்றவன். எனக்கெதற்குப் புத்தகம்?

அந்தத் தவக்காலத்தில் கிள்ளானிலிருந்து ஜோசஃபின் வந்தாள். மாதா கோயிலில் பாடுகிறவள், பள்ளி ஆசிரியை. தொண்டையில் கட்டி. மறுநாள் ஆபரேஷன். அதற்குப் பிறகு குரல் இப்படியே இருக்கும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. அன்றே நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். முன்பே பதிந்திருந்த தபேலாவோடு சிலுவைப் பாட்டைப் பாடி முடித்தாள். நடுவில் பதினோரு இருமல். இன்னொரு தடவை பாடத் தெம்பில்லை.

"கவலப்படாதம்மா, வெட்டித் தூக்கிடுறேன்" என்றேன். பதினொன்றையும் வெட்டினேன். போட்டுக் கேட்டால், முதல் இருமல் இருந்த இடத்திலிருந்தே குரல் தபேலாவை முந்திக்கொண்டு ஓடுகிறது.

"தாளம் தப்பிட்டேனா அங்கிள்?" அவள் முகம் சுருங்கியது.

"நீ தப்பல. இந்த மெஷினுக்குக் கிறுக்கு."

வெட்டியதைத் திரும்பப் பெறும் பொத்தானை அழுத்தினேன். கடைசி வெட்டு மட்டுமே திரும்பியது. மணி இரண்டேமுக்கால். எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். கீழே லோரியில் ஹார்ன் அடித்துச் சலித்த அவள் கணவன் ரபேல் மாடியேறி வந்தான்.

"என்ன அங்கிள், இப்ப மெஷினும் இருமுதா?"

"வாய மூடுடா!"

அதற்குள் ஜோசஃபின் அந்தப் புத்தகத்தைப் பிரித்திருந்தாள். "வெட்டுற விதம் நாலு இருக்காம். நீங்க வெச்சிருக்கிற விதத்துல ஒரு துண்ட எடுத்தா, பின்னால உள்ளதெல்லாம் முன்னால வந்து ஒட்டிக்குமாம்."

"டேப்பும் அப்படித்தானே ஒட்டும்!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. என் டேப்பில் குரலும் தபேலாவும் சேர்ந்தே வெட்டுப்படும். இங்கே குரல் தனிக் கோடு. அது மட்டும் நகர்ந்துவிட்டது.

"'ஸ்பாட்'னு ஒண்ணு இருக்கு அங்கிள். ஒவ்வொரு துண்டுக்கும் அது பதிஞ்ச நேரம் ஞாபகம் இருக்குமாம். அங்கேயே திருப்பி வைக்கலாமாம்."

துண்டுகள் நெருக்கி ஒட்டிக் கிடந்ததால், முதல் துண்டிலிருந்து வைத்தால் அது அடுத்ததன் மேல் ஏறிவிடும். கடைசியிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக வைத்தேன். அதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. இருமல் இருந்த இடங்கள் வெறும் மௌனமாக நின்றன.

மூன்றரைக்குப் போட்டோம். ஜோசஃபினின் விரல் மேசையில் தாளம் தட்டியது. ஒரு தட்டுக்கூட விலகவில்லை.

"ஓகே லா அங்கிள்" என்று அவசரமாக இறங்கிப் போனாள்.

ஈஸ்டருக்குப் பிறகு வந்தாள். குரல் கம்மிப் போயிருந்தது. "அந்தப் பாட்டப் போடுங்க" என்றாள். அது முடியும்வரை என்னால் உட்கார முடியவில்லை. அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன்.

புத்தகத்தைப் படித்தது அவள்தான், மறுக்கவில்லை. கடைசியிலிருந்து வைத்தது நான்.