குசினி அலுமாரிக்கு அளவு கொடுத்தவர்

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷங்களில், கொழும்பு வெள்ளவத்தையில் கடலோரமாகக் குடியிருந்தோம். அந்த வீட்டுக் குசினியில் வழுக்கி விழுந்து என் முழங்கால் போயிற்று. இனியும் நிலத்தில் குந்தியிருந்து சமைத்தால் நடக்கவே முடியாமல் போகும் என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். நின்றபடி சமைக்க வேண்டும். அதற்குத் துரைமார் பங்களாக்களில் இருப்பதுபோல், சுவரோடு பொருத்திய அலுமாரிகளும் அவற்றின் மேல் அகலப் பலகையும் வேண்டும்.

அதைச் செய்து தருகிறவர்களைத் தேடத் தொடங்கியதும் என் நிம்மதி போய்விட்டது. ஒருவரையும் நம்பி எனக்குப் பழக்கமில்லை. மீன்காரன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தாலும் செவுளைத் திறந்து பார்க்காமல் வாங்கமாட்டேன்.

முதலில் காலி வீதியில் மரச்சாமான் கடை வைத்திருந்தவர் வந்தார். அந்நிய ஆண்கள் வந்தால் வீட்டுப் பெண் முன்னுக்குப் போகும் வழக்கம் எங்களிடம் இல்லை. அவர் என் கணவரோடு பேசியதைத் திரைச்சேலைக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"எல்லாம் பலாமரம் ஐயா. உங்கடை பேரப்பிள்ளையளும் பாவிக்குங்கள்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற குரல். மாதிரிக்கு ஓர் அலுமாரிக் கதவை வைத்துவிட்டுப் போனார். அவர் படலையைத் தாண்டியதும் பாக்குவெட்டியால் அதன் அடியைச் சுரண்டினேன். மஞ்சள் நிறம், அசல் பலா. கடற்காற்றில் துருப்பிடிக்குமே என்று கதவை மாட்டுகிற பிணைச்சலையும் சுரண்டினேன். பித்தளை. இவ்வளவு நல்லதாக இருந்தது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

"இனி நக்கியும் பாக்கப்போறீரோ?" என்று கேட்டார் என் கணவர்.

"மாதிரிக்கு நல்லதைக் காட்டிப்போட்டு, மற்றதுக்குத் தேயிலைப் பெட்டியை உடைச்சு அடிச்சால் என்ன செய்யிறது?"

அடுத்ததாகக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் வந்தார். மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வந்ததும் வராததுமாக, "சமைக்கிறது யாருங்க ஐயா? அவங்கள ஒரு தடவ இங்க வந்து நிக்கச் சொல்லுங்க" என்றார்.

என் கணவரின் முகம் கறுத்தது. "நீர் குசினி பாக்க வந்தனீரோ, பொம்பிளை பாக்க வந்தனீரோ?" என்று அவரை அப்படியே படலைக்கு வெளியே அனுப்பிவிட்டு வந்தார். வீட்டை நோட்டம் பார்க்க வந்த கள்ளனாக இருக்கும் என்று நானும் ஓடிப்போய்ப் பின்கதவைப் பூட்டினேன்.

வேலை காலி வீதிக்காரருக்கே போயிற்று. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, வந்திறங்கிய ஒவ்வொரு பலகையையும் சுரண்டினேன். ஒன்றிலும் குறையில்லை. எல்லாவற்றையும் பொருத்திவிட்டு ஆட்கள் போனபின், ஆசையோடு குசினிக்குள் போய் நின்றேன்.

பலகை என் நெஞ்சுக்கு வந்தது. அதன்மேல் அடுப்பையும் சட்டியையும் வைத்தால் உள்ளே என்ன கொதிக்கிறது என்றே எனக்குத் தெரியாது. என் கணவர் நல்ல உயரம். நான் அவருடைய தோளுக்கும் எட்டமாட்டேன்.

"ஆரின்ரை இடுப்புக்கு அளந்தவை?"

"என்ரை இடுப்புக்குத்தான். அவை அளக்கேக்கை நான்தானே அங்கை நிண்டனான்."

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன எனக்கு. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அப்ப நீங்களே நிண்டு சமையுங்கோ."

நான் எழும்பவில்லை. பசி எடுத்ததும் அவர் வெங்காயத்தைக் கையில் எடுத்தார். பக்கத்து வீட்டார் காணாமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் தினமும் சமைத்தார். பலகையின் உயரத்தைக் குறைத்துத் தர ஆளைக் கூட்டிவரட்டோ என்று தினமும் கேட்டார். என்ன அவசரம், முழங்கால் முதலில் ஆறட்டும் என்றேன்.