கொழுந்தன் கற்றுக்கொண்ட வார்த்தை

அண்ணன் கனகராஜ் செத்துப் பதினாறு முடிந்ததும் நல்லசிவம் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனான். திரும்பி வரும்போது ஓர் இங்கிலீஷ் வார்த்தையோடு வந்தான். அதற்கு முன்பு தி.நகரில் இருந்த அவர்கள் பாத்திரக்கடையில் யாரும் எதையும் 'வேலிட்' என்று சொன்னதில்லை. இப்போது எடுத்ததற்கெல்லாம் அதுதான். லாரி பர்மிட் வேலிட்டா, அந்த செக் வேலிட்டா. ஒழுகும் குடத்தைத் திருப்பிக் கொண்டுவந்த பெண்ணிடம்கூட, "இந்தப் புகார் வேலிட் இல்லம்மா" என்றான்.

கடைக்கு மேலே மாடியில் கனகராஜின் மனைவி தங்கபுஷ்பம் இருந்தாள். பிள்ளை இல்லை. வீடும் கடையும் கனகராஜ் தன் பேரில் வாங்கியவை.

படியில் நின்றபடியே நல்லசிவம் சொன்னான்: "ஒங்க கல்யாணம் வேலிட் இல்ல. ஐயர் இல்ல, அக்கினி இல்ல. சட்டப்படி நீ எங்கண்ணன் பொண்டாட்டியே கிடையாது. மாடியக் காலி பண்ணு."

"இத்தன வருசமா மைனி மைனின்னு சோறு திங்க வந்தியேல, அப்ப யாரு பொண்டாட்டியக் கூப்பிட்ட?"

"அது சும்மா மரியாதைக்கு."

கனகராஜ் கறுப்புச் சட்டைக்காரர். புரோகிதர் வாசலில் கால் வைக்கக்கூடாது என்று பிடிவாதமாக நின்று, மாலை மாற்றிக் கட்டிக்கொண்டவர்.

தங்கபுஷ்பம் மயிலாப்பூர் வக்கீல் ராமானுஜத்திடம் போனாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நீங்க சொல்றது ரொம்ப வேலிட்மா. ஆனா கல்யாணம் வேலிட்டான்னா, இன்னிக்கு இருக்கற சட்டத்துல கஷ்டம்தான்."

"நான் சொல்லுதது செல்லும், நான் செல்லமாட்டனா?"

"பர்மிட்டுன்னா தேதி முடியறவரைக்கும் வேலிட். வாதம்னா, சொல்ற காரணம் நின்னா வேலிட். கல்யாணத்துக்குச் சட்டம் கேக்கற சடங்கு நடந்திருக்கணும்."

"எடத்துக்கு எடம் பேச்ச மாத்துதே! கெட்ட வார்த்தைல்லா இது?"

ராமானுஜம் சிரித்துவிட்டு வழக்கைப் போட்டார்.

அறுபத்தேழாம் வருஷக் கடைசியில் நல்லசிவம் சாட்சிக் கூண்டில் ஏறினான். "கல்யாணத்துக்கு நீங்க போயிருந்தீங்களா?" என்று ராமானுஜம் கேட்டார்.

"போகாம? மாலையே நாந்தான் வாங்கிட்டுப் போனேன். சொந்தக்காரங்க, சிநேகிதக்காரங்க, மண்டபம் நெறய ஆளு. இவளப் பொண்டாட்டியா ஏத்துக்கிடுதேன்னு அண்ணன் சொன்னான். அவளும் அப்படியே சொன்னா. மாலை மாத்தினாங்க, காப்பி குடிச்சோம். இதுக்குப் பேரு கல்யாணமா? சிரிப்பால்லா வருது!"

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். தங்கபுஷ்பம் வீட்டுக்கு வந்து, நல்லசிவம் சாப்பிட்டுவந்த வெண்கலக் கும்பாவை மாடியிலிருந்து தெருவில் விட்டெறிந்தாள்.

தீர்ப்பு வருவதற்குள் புதுச்சட்டம் வந்துவிட்டது. உறவினர், நண்பர் முன்னால் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி மாலை மாற்றினால் போதும், அது கல்யாணம்தான். முன்பே நடந்தவையும் செல்லும். நல்லசிவத்தின் வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "சட்டம் கேக்குற ஒண்ணு விடாம நீயே சத்தியம் பண்ணிச் சொல்லிட்டியேய்யா!"

அன்று சாயங்காலமே அவன் மாடிக்கு வந்தான். "மைனி, இப்ப வேலிட்டாம். எதுக்கு நமக்குள்ள சண்டை? மாடி ஒங்களுக்கு, கடைய நான் பாத்துக்கிடுதேன்."

"நேத்து வரைக்கும் அந்த மனுசனுக்கு நான் யாருல? சொல்லிட்டுப் பேசு."

அவன் படியைப் பார்த்தான்.

"எறங்கு."

தீர்ப்பன்று கோர்ட் வராந்தாவில் ராமானுஜம் கைகூப்பினார். "சந்தோஷம்மா. இனிமே நீங்க கனகராஜோட சம்சாரம்."

"இனிமேயா?" என்றாள் அவள். அவர் கூப்பிய கையை இறக்கிக்கொண்டார்.

பஸ் பிடித்து நேராகக் கடைக்குப் போனாள். நல்லசிவம் கல்லாவில் இருந்தான். வாங்க வந்தவர்கள் நான்கைந்து பேர் நின்றார்கள். யாருக்காகவும் அவள் குரலைத் தணிக்கவில்லை.

"எந்திரில."

எழுந்தான். சட்டையை மாட்டிக்கொண்டு போனான். "ஒங்க கொழுந்தன் சைதாப்பேட்டையில தனிக்கடை போட்டிருக்காரு" என்று பிறகு யாரோ வந்து சொன்னார்கள். தங்கபுஷ்பம் விற்ற தவலையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "யாரு?" என்று கேட்டாள்.